துறைத்தலைவி எழுதிய பதில்

வருடத்தில் இரண்டு தடவை, வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரைக்கும், நாங்கள் பதினேழு பேர் நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் பின்வளவுக்குப் போய் வேறு ஆட்களாக இருந்துவிட்டு வருவோம். "உங்கட கூத்து எப்ப?" என்று அலுவலகத்தில் கேட்டுச் சிரிப்பார்கள். அது கூத்து இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் நொந்துவிட்டது. கூத்துக்குப் பாட்டு வேண்டும், பார்க்கச் சனம் வேண்டும், பிழை விட்டால் அதட்ட ஓர் அண்ணாவியார் வேண்டும். எங்களுக்கு எழுதி வைத்த வசனம் இல்லை, மேடை இல்லை, பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு பாத்திரம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கதை. அது எந்தப் பக்கம் போகும் என்பது அன்றைக்கு யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நோர்வேயில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, நகரத்தில் ஆங்கில ரியூசன் நடத்துகிற ஒருவர்தான் இதைத் தொடங்கினார். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சேர்'. "அங்க வயசான ஆக்களும் காட்டுக்குள்ள போய் மூண்டு நாள் இப்பிடி இருப்பினம்" என்று அவர் சொன்னபோது, குளிருக்கு இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை போய் வந்த பிறகு நானே அலுவலகத்தில் ஆள் பிடிக்கத் தொடங்கினேன்.

எங்கள் கதை, அரசன் இல்லாத ஒரு பழைய துறைமுகத்தில் நடக்கிறது. அந்தத் துறைக்குத் தலைவி நான். என் அலுவலக வேலை ஓய்வூதியப் பிரிவில். நாற்பத்தாறு வயது. எனக்கு மேலே இருப்பவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வருகிற சனமும் என் மேசையைத் தாண்டி அவரைப் பார்த்துத்தான் கதைக்கும், பதில் என்னிடம் இருந்தாலும்கூட. நிலாவெளி வளவுக்குள் நான் நடந்து வந்தால் பதினாறு பேர் எழும்பி நிற்பார்கள். யார் துறைக்குள் வரலாம், யார் வெளியே போக வேண்டும் என்பதை நான் சொல்வேன். அதற்கு ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதைப் போல, வெள்ளிக்கிழமை பின்னேரம் சேர் ஒவ்வொருவருடைய வலது கையிலும் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிடுவார். கட்டிய பிறகு நீங்கள் நீங்கள் இல்லை. கைத்தொலைபேசிகளை எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் போட்டு மூடிவிடுவோம். யாருக்காவது தலையிடி, வீட்டு யோசனை, உண்மையான கோபம் என்று ஏதாவது வந்தால் துணியை அவிழ்த்துக் கையில் பிடிக்க வேண்டும். அவிழ்த்த ஆளிடம் பாத்திரமாக ஒரு சொல்லும் பேசக் கூடாது. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் ஒன்றாக அவிழ்ப்போம். பிறகு சோறு.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் மாதக்கணக்கு. ஐப்பசியில் கதை ஓர் உச்சத்தில் நின்றுவிட்டது. மாரி மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு நாள், வான் பிடிப்பதற்கும் சோற்றுப் பார்சல் சொல்வதற்கும் என்று வைத்திருந்த வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் தன் பாத்திரமாக ஒரு வரி போட்டார். நான் தலைவியாகப் பதில் எழுதினேன். ஒரு கிழமைக்குள் அடுப்பு மூண்டுவிட்டது. நான் பஸ்ஸில் எழுதினேன், கறி கொதிக்கும்போது எழுதினேன், கோப்புகளுக்கு அடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு எழுதினேன்.

ஒருவர் மட்டும் எதிர்த்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவர். எங்கள் துறையில் அவருக்குக் காவல்காரியின் வேடம்.

"காப்புக் கட்டினா அவிழ்க்கிற நாள் ஒண்டு வேணும், அக்கா" என்றார். "இதில எங்க அவிழ்க்கிறது? நான் வார்டில நிக்கேக்க நீங்கள் எனக்குச் சிறைத்தண்டனை குடுக்கிறீங்கள். அதை வாசிச்சுப்போட்டு நான் போய் ஊசி போடுறதோ?"

"விருப்பமில்லாட்டி சத்தத்தை நிப்பாட்டி வையுங்கோ. மற்ற ஆக்களைக் குழப்பாதேங்கோ" என்றேன். எனக்கு நாக்கில் காரம் கொஞ்சம் கூடத்தான். அவர் அதற்குப் பிறகு குழுவில் எழுதவில்லை. எழுதாமல் இருந்தாரே தவிர, வெளியேறவில்லை.

சேர் இரண்டு பக்கத்தையும் சமாளிக்க ஒரு விதி போட்டார். ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்றால் முதல் சொல்லாக 'வெளியில' என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் அது ஆட்டம். நல்ல விதி என்று நான்தான் முதல் ஆளாகப் பாராட்டினேன்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சல்லிக் கிராமத்து மீனவன், முப்பது வயதிருக்கும். எங்கள் முதல் ஆட்டத்துக்கு விடுதிக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவன், குசினி வாசலில் நின்று ஒரு மணித்தியாலம் எங்களைப் பார்த்திருக்கிறான். அடுத்த தடவை வந்து, "நானும் வரலாமோ?" என்று கேட்டான். வெளியில் நாலு சொல் சேர்த்துக் கதைக்க மாட்டான், கதைத்தாலும் நிலத்தைப் பார்த்துத்தான். கையில் மஞ்சள் துணி ஏறினால் எங்கள் எல்லோரையும் விழுங்கிவிடுவான். கதையிலும் அவன் படகோட்டிதான். துணி இல்லாதபோது நான் அவனுக்கு 'அக்கா'. துணி ஏறிவிட்டால் 'தலைவி'. ஒரு தடவைகூட அவனுக்கு அது மாறியதில்லை.

மாசியில் நடந்த ஆட்டத்தில் அவன் என்னை எதிர்த்து, இரவோடிரவாகத் தன் படகை எதிரித் துறைக்குக் கொண்டுபோய்விட்டான். அந்த இரண்டு நாளும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு நன்றாகச் செய்தான். அதற்குப் பிறகு குழுவில் அவன் எழுதுவதெல்லாம் கடலிலிருந்து. உண்மையாகவே கடலிலிருந்து. வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், பொலித்தீன் பைக்குள் இருக்கிற தொலைபேசியில் தட்டி, "தலைவி, நான் உங்கட கண்ணுக்கு எட்டாத இடத்தில நிக்கிறன்" என்று போடுவான். சில நாள் தண்ணீரும் வானமும் மட்டும் தெரிகிற ஒரு படம் வரும். எங்களுக்கு அது அமிர்தம். நான் பதிலுக்குத் தூய தமிழில் ஆணை போடுவேன். துரோகிக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது என்று ஆனியில் ஒரு பெரிய ஆணை போட்டிருந்தேன்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கச்சான் காற்று இரண்டு நாளாக விடாமல் தரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அவருடைய கோப்பைப் புரட்டும்போது தொலைபேசி அதிர்ந்தது. ஒன்பதே முக்கால்.

"அக்கா இஞ்சின் நிண்டிட்டுது. புறாமலைக்கு வெளியால நிக்கிறன். கச்சான் வெளிய இழுக்குது. பின்பக்கத்தால தண்ணி வருது. கோல் போகுதில்லை. ஆரையும் அனுப்புங்கோ."

வாசித்தேன். 'அக்கா' என்ற சொல் என் கண்ணில் பட்டது. பட்டது மட்டுமில்லை, அதில் நின்றது. ஆட்டத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட மாட்டான். ஒரு வேளை இது உண்மையோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். பிறகு, 'வெளியில' என்று போடவில்லையே என்று இன்னொரு நினைப்பு வந்தது. இவ்வளவு நல்ல ஆட்டக்காரன் இப்படித் தவறவிட்டானே என்று மூன்றாவதாக எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலுக்குள்ளேயே ஒரு வசனம் தோன்றிவிட்டது.

ஆசிரியரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். ஒரு சொல் பிடிக்கவில்லை, அதை மாற்றினேன். "துறையைத் துறந்தவனுக்குக் கடலே துணை. கரையில் உள்ளோர் எவரும் அவன் குரலுக்குச் செவி கொடுக்க வேண்டாம். இது தலைவியின் ஆணை." அனுப்பினேன்.

கைதட்டல் படங்கள் வந்து விழுந்தன. ஒருவர் நெருப்புப் படம் போட்டார். சேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தோற்றுவிட்டான், பதில் யோசிக்கிறான் என்று நினைத்தேன். பத்தரைக்குக் கன்ரீனுக்குப் போய் ஒரு ரோல்ஸும் பிளேன்ரீயும் எடுத்து, அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குத் தாதி அழைப்பு எடுத்தார். ஏழு மாதமாக ஆட்டத்துக்கு வெளியே என்னோடு கதைக்காதவர்.

"அக்கா, இப்பதான் நான் ஃபோனைப் பாத்தனான். அந்தத் தம்பி எழுதினது ஆட்டமோ?"

"ஆட்டம்தானே. வெளியில எண்டு போடேல்லையே."

"நான் அவற்ற மனுசிக்கு எடுத்தனான். விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போனவராம். பத்து மணிக்கு முந்தி வந்திடுவாராம். இன்னும் வரேல்லை. கூடப் போற மச்சான் ஈச்சிலம்பற்றில கலியாண வீட்டில நிக்கிறாராம். ஆள் தனிய."

என் மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு கலண்டர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கேக்குதோ? கரையில நிக்கிற ஆக்களுக்கு அவர் எங்க நிக்கிறார் எண்டு தெரியாது. நான் அந்த மெசேஜை ஃபோனிலேயே வாசிச்சுக் காட்டினனான். இப்பதான் படகு தள்ளுகினம்."

இப்போதுதான். அந்தச் சொல் என் நெஞ்சில் இறங்கிய விதத்தை என்னால் எழுத முடியாது. புறாமலைத் தீவு சல்லியிலிருந்து எவ்வளவு தூரம்? ஒன்பதே முக்காலுக்கு நான் ஒரேயொரு அழைப்பு எடுத்திருந்தால், பத்தரைக்கு, நான் ரோல்ஸ் சாப்பிட்ட நேரத்துக்கு, அவனுக்குப் பக்கத்தில் ஒரு படகு நின்றிருக்கும். இரண்டு மணித்தியாலம். கச்சானுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உப்புவெளி, சாம்பல்தீவு என்று ஸ்கூட்டியில் போன பாதை எனக்கு நினைவில் இல்லை. சாம்பல்தீவுப் பாலத்தில் ஒரு லொறிக்காரன் என்னைத் திட்டியது மட்டும் ஞாபகம். காற்று முதுகில் தள்ளியது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிந்தது. இதே காற்றுத்தான் அங்கேயும்.

சல்லிக் கரையில் இருபது, முப்பது பேர் நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. இரண்டு படகு போயிருந்தது, மூன்றாவதுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மனைவி இடுப்பில் பிள்ளையோடு தண்ணீருக்குக் கிட்ட நின்றாள். அங்கே நின்ற பெண்களின் முந்தானை எல்லாம் கடலைப் பார்த்தே பறந்தது. நான் கிட்டப் போனேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியும், நிலாவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சோறு சாப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா, நீங்கள்தானே அந்தத் தலைவி?"

"ஓம், தங்கச்சி."

"அவர் எழுதினதைக் காட்டுங்கோ."

காட்டினேன். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வாங்கி வாசித்தாள். அவள் விரல் கீழே போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். தடுக்கத் தோன்றியது, தடுக்கவில்லை. என் ஆணையை வாசித்தாள். மெதுவாக வாசித்தாள், உதடு அசைந்தது. அதற்குக் கீழே கைதட்டல்களைப் பார்த்தாள்.

"இது ஆர், இந்தக் கை தட்டுறது?"

"எங்கட ஆக்கள்."

"நீங்கள் எத்தினை மணிக்கு வாசிச்சனீங்கள்?"

"ஒன்பதே முக்காலுக்கு."

"உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கேல்லை, தங்கச்சி. ஆட்டம் எண்டு நினைச்சிட்டன்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் இல்லை. அவள் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. போன படகுகளில் ஒன்று திரும்பி வந்து, புறாமலைக்கு வெளியே ஒன்றும் இல்லை என்று சொல்லி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்பப் போனது. "இழுத்திருக்கும். நல்லா வெளியால பாருங்கோ" என்று ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. மீனவர் சங்கத்துக்காரர் கடற்படைக்கு அறிவித்திருந்தார்கள். தாதி வேலை முடிந்து, சீருடையோடேயே ஓட்டோவில் வந்து இறங்கினார். வந்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் ஒரு போத்தல் தண்ணீரைத் திறந்து அவனுடைய மனைவிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எனக்கு நீட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

நான் பயந்த மாதிரிப் பயந்தது என் வாழ்க்கையில் வேறெப்போதும் இல்லை. அவன் செத்துவிடுவானே என்ற பயம் முதலாவது. அவன் செத்தால் அந்த வரி அவனுக்கு நான் எழுதிய கடைசி வரியாக நிற்குமே என்பது இரண்டாவது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்ததற்காக என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

மூன்றே முக்காலுக்கு அவனைக் கட்டியிழுத்துக்கொண்டு ஒரு படகு வந்தது. அவனுடைய படகில் தண்ணீர் ஏறி, விளிம்புக்கு ஒரு சாண்தான் மிச்சம். தண்ணீர் இறைத்த, பாதியாக வெட்டிய எண்ணெய்க் கானைக் கையில் பிடித்தபடியே இருந்தான், இறங்கியும் விடவில்லை. இரண்டு பேர் விரல்களைப் பிரித்து அதை எடுத்தார்கள். முழங்காலில் விழுந்தான். மனைவி ஓடிப் போய்ப் பிடித்தாள். அவளுடைய தோளுக்கு மேலால் என்னைக் கண்டுவிட்டு, "அக்காவும் வந்திருக்கிறீங்கள்" என்றான். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரித்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

இரண்டு கிழமை குழுவில் ஒருவரும் எழுதவில்லை. பிறகு சேர் எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தன்னுடைய ரியூசன் கொட்டிலுக்கு வரச் சொன்னார். பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க இருந்தோம். பதினேழு பேரும் வந்தார்கள், அவனும் வந்தான். உள்ளங்கைகளில் தோல் உரிந்து புதுத்தோல் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. ஒரே கேள்விதான். நிலாவெளியில் ஆடுவது ஆடுவோம், அதில் தகராறு இல்லை. இடைப்பட்ட மாதங்களில் தொலைபேசியில் கதையைத் தொடர்வதா, நிறுத்துவதா?

"விதி சரியாத்தான் இருந்தது" என்று சேர் தொடங்கினார். "அவசரத்தில அவர் வெளியில எண்டு போட மறந்திட்டார். இனி அவசரத்துக்கு எண்டு வேற ஒரு அடையாளம் வைச்சா..."

"தாழுற மனுசன் முதல்ல உங்கட விதியைப் பாடமாக்கோணுமோ, சேர்?" என்றார் தாதி. அவர் குரல் உயரவில்லை. "நிலாவெளியில ஆராவது விழுந்தா நாங்கள் முகத்தைப் பாக்கிறம். ஓடிப் போறம். இதில முகம் இல்லை. எழுத்து மட்டும்தான். எழுத்தைப் பாத்து நாங்கள் கை தட்டினனாங்கள். நிப்பாட்டுவம்."

சிலர் தலையாட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொடர வேண்டும் என்று எத்தனை தடவை சண்டை பிடித்தவள் நான். அப்போது அவன் எழும்பினான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கு இது வேணும், சேர். நிப்பாட்டாதேங்கோ. நிலாவெளி வருசத்துக்கு நாலஞ்சு நாள். மிச்ச நாளெல்லாம் நான் கடலில. கரைக்கு வந்தா வலை, இஞ்சின், வீடு. என்னோட ஆர் கதைக்கிறது? ஃபோனைத் திறந்தா எண்பது மெசேஜ் இருக்கும். அதில பாதி என்னைப் பற்றி. நான் எங்க நிக்கிறன், என்ன செய்யப் போறன் எண்டு இத்தினை பேர் யோசிக்கினம். அது எனக்குப் பெரிய விசயம். பிழை விட்டது நான். வெளியில எண்டு போட்டிருக்கோணும்."

அவன் இருந்துவிட்டான். பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டான். சேரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுடைய பிழை என்று ஆகிவிடும். எனக்கும் அது வசதிதான். அந்த வசதியை நினைத்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அவன் விட்ட பிழை இல்லை" என்றேன். எழும்பினேன், வாங்கு பின்னால் சரிந்தது. "அவன் 'அக்கா' எண்டு எழுதினவன். ஆட்டத்தில அவன் என்னை அப்பிடிக் கூப்பிடுறதில்லை. உங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அதை நான் கண்டனான். இது உண்மையோ எண்டு யோசிச்சனான். யோசிச்சுப்போட்டுத்தான் எழுதினனான். வசனம் நல்லா வந்திருந்தது. அதை விட மனம் வரேல்லை. அவன்ர மனுசியிட்ட விளங்கேல்லை எண்டு சொன்னனான். அது பொய்."

பக்கத்து வளவில் யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது. நான் அவனைப் பார்த்தேன். முதல் தடவையாக, கையில் துணி இல்லாமலே, அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும், அக்கா" என்றான். "உங்கட பேரைப் போட்டு டைப்பிங் எண்டு காட்டினது. பிறகு நிண்டுது. பிறகும் காட்டினது. அக்கா ஆரோடயோ கதைச்சுப்போட்டு எழுதுறா, ஆள் அனுப்புறா எண்டு நினைச்சன். அதைப் பாத்துக்கொண்டே இருந்தன். அந்த நேரம் நான் தண்ணி இறைக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னான். அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். எப்படி நடந்தது என்று சொல்கிற குரலில்தான் சொன்னான்.

சேர் கை உயர்த்தச் சொன்னார். நிறுத்த வேண்டும் என்று ஐந்து கை உயர்ந்தது, அதில் ஒன்று என்னுடையது. தொடர வேண்டும் என்று முதலில் உயர்ந்தது அவனுடைய கை. அந்த உரிந்த கையைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் உயர்த்தினார்கள். தாதி அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினார். நானும் வெளியேறியிருக்கலாம். முடியவில்லை. அவன் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது என்னால் வெளியேற ஏலாது.

இப்போது துறைக்கு வேறு தலைவர். குழுவில் நான் வாசிக்கிறேன், எழுதுவதில்லை. கடலிலிருந்து அவன் ஒரு வரி போட்டால், அது எதுவாக இருந்தாலும், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அவனுக்கு அழைப்பு எடுக்கிறேன். "ஆட்டம்தான், அக்கா" என்று சொல்லிவிட்டு வைப்பான். சலித்துக்கொள்வதில்லை. சில நாள் சிக்னல் இருக்காது, மணி போகாது. அந்த நாட்களில் அவனுடைய மனைவிக்கு எடுப்பேன். அங்கே மணி போகும், முழுவதும் போய் முடியும். என் அழைப்பை அவள் எடுப்பதில்லை.